மலைமேல் பொரிக்கும் கோழியும் ஆரஞ்சுப் பாகும்

கோழி பொரிப்பது என்ன பெரிய வித்தையா, அதற்கு ஒரு கட்டுரை வேறு வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். கீழே கிள்ளானிலோ ஈப்போவிலோ இருப்பவர்களுக்கு அது வித்தை இல்லைதான். ஆனால் கேமரன் மலையில், லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தோட்டங்களிலும் ரிங்லெட், தானா ராத்தா வட்டாரத்திலும் அடுப்பு மூட்டும் நம் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். "மேலே கறுத்துப் போவுது டீச்சர், எலும்புகிட்டே பச்சையாவே இருக்கு" என்பார் ஒருவர். "சட்டியிலேருந்து எடுக்கிறப்போ மொறுமொறுன்னுதான் இருக்கு, சோறு போடறதுக்குள்ளே நமத்துப் போவுது" என்பார் இன்னொருவர். பிள்ளைகளோ ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, கடையிலே வாங்கினது மாதிரி இல்லையே அம்மா என்று முகத்தைச் சுளிக்கிறார்கள்.

குறை அம்மாவின் கையில் இல்லை. மலையில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, பொரித்த கோழியின்மேல் பூசுவதற்கு இனிப்பும் புளிப்பும் கலந்த ஓர் ஆரஞ்சுப் பாகும் சொல்லித் தருகிறேன்.

முதலில் கடைக் கோழியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் நாட்டில் கெண்டக்கி பொரித்த கோழிக் கடை 1973ஆம் ஆண்டில்தான் கோலாலம்பூர், துவான்கு அப்துல் ரஹ்மான் சாலையில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோழி என்றால் தீபாவளி, முனியாண்டி படையல், இல்லாவிட்டால் ஊரிலிருந்து மாமா வந்த நாள். அதுவும் குழம்பாகத்தான் வரும். ஒரு கோழியைப் பத்துப் பேருக்குப் பங்கு வைக்க வேறு எந்த வழியும் இல்லை. இன்றோ கோழி வாராவாரம் வீட்டுக்கு வருகிறது. பிள்ளைகள் கேட்பது கோழியை அல்ல, மொறுமொறுப்பை!

அந்த மொறுமொறுப்புக்காகக் குடும்பத்தோடு பட்டணத்துக்கு இறங்கினால் என்ன ஆகிறது? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கணக்குப் போட்டால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஐந்து பேர் கடையில் உட்கார்ந்து கோழியும் பானமும் வாங்கினால் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி அந்த மேசையிலேயே தங்கிவிடும். போக வர வண்டிச் செலவு வேறு. பிறந்த நாளுக்கு ஒரு தடவை போவதை நான் குறை சொல்லவில்லை. மாதத்துக்கு நான்கு தடவை என்றால், அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை இருக்கிறது.

இந்த ஆரஞ்சுக் கோழி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அது ஒரு வேடிக்கையான கதை. சீனாவில், உலர்த்திய ஆரஞ்சுத் தோலைப் போட்டுக் கோழி சமைக்கும் பழைய வழக்கம் உண்டு. அதில் காரமும் தோலின் கசப்பும்தான் முன்னால் நிற்கும், இனிப்பு பின்னால் வரும். ஆனால் இன்று உலகம் முழுவதும் அறிந்த இனிப்பு ஆரஞ்சுக் கோழி சீனாவில் பிறந்ததே அல்ல. அமெரிக்காவில் பாண்டா எக்ஸ்பிரஸ் என்ற உணவகத்துக்காக ஆண்டி காவ் என்னும் சமையற்காரர் 1987இல் ஹவாய்த் தீவில் உருவாக்கியது அது. பிழைக்கப் போன இடத்தில், அங்குள்ளவர் நாக்குக்கு ஏற்றபடி சொந்த ஊர்ச் சமையலை மாற்றிக்கொண்டார்கள். நாமும் அதைத்தானே செய்தோம்? கிச்சாப்பு ஊற்றாத கோழிப் பிரட்டலும், சம்பால் இல்லாத சோறும் நம் வீடுகளில் இப்போது எத்தனை நாள் நடக்கிறது? நம் ஊர்ச் சீனர் கடைகளில் கிடைக்கும் எலுமிச்சைக் கோழியும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறைதான்.

சரி, மலைக்கு வருவோம்.

மேலே கருகுவது ஏன்?

நம் வீட்டில் துவரம் பருப்பு வேக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறதல்லவா? குக்கர் இல்லாமல் கொண்டைக்கடலையை வேகவைக்க முயன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காரணம், உயரம். கடலோரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் நம் ரிங்லெட் பக்கத்தில் தண்ணீர் 96, 97 பாகையிலேயே கொதித்துவிடும். 1,400 மீட்டரைத் தாண்டிய தானா ராத்தாவில் 95தான்.

எண்ணெயில் பொரிப்பதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கோழித் துண்டை எண்ணெயில் போட்டதும் சடசடவென்று குமிழி வருகிறதே, அது எண்ணெய் கொதிப்பதல்ல. கோழிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுவது. மலைமேல் அந்தத் தண்ணீர் சீக்கிரமாக ஓடிவிடுகிறது. ஆகவே மேல்மாவு சீக்கிரம் காய்ந்து, சீக்கிரம் சிவந்து, சீக்கிரம் கறுக்கிறது. உள்ளே இருக்கும் கறியோ, தன் ஈரம் எந்தச் சூட்டில் கொதிக்கிறதோ அந்தச் சூட்டைத் தாண்ட முடியாமல் நிதானமாக வேகிறது. வெளியே அவசரம், உள்ளே நிதானம். புத்தகத்தில் போட்டபடி, கோலாலம்பூர்க்காரர் சொன்னபடி எண்ணெயைக் காய்ச்சினால் நமக்குக் கருகல்தான் மிஞ்சும்.

உயரமான ஊர்களுக்கென்று எழுதப்பட்ட சமையல் குறிப்புகளில் ஒரு கணக்கு உண்டு. 300 மீட்டருக்கு ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேலாக எண்ணெயின் சூட்டைக் குறைக்க வேண்டும். நம் லெம்பா பெர்த்தாமுக்கு அது ஆறு பாகை அளவில் வரும், தானா ராத்தாவுக்கு எட்டு. கீழ்நாட்டுக் குறிப்பில் 175 என்று இருந்தால் இங்கே 168 போதும். வீட்டில் எண்ணெய்ச் சூடு அளக்கும் கருவி யாரிடம் இருக்கிறது என்றால், குவாலியின் அடியில் தீயைக் கொஞ்சம் தணியுங்கள், நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், அவ்வளவுதான். இன்னும் நல்ல வழி, இரண்டு முறை பொரிப்பது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஈரம். சாயங்காலம் நான்கு மணிக்கே பனிமூட்டம் சமையற்கட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் இது. முறுக்கு டின்னைத் திறந்து வைத்துவிட்டுத் தலை திருப்பினால் முறுக்கு ரப்பராகிவிடுகிறது. பொரித்த கோழியை மட்டும் விட்டுவைக்குமா? போதாக்குறைக்குக் குளிர்ந்த பீங்கான் தட்டு. சூடான துண்டுகளை அதில் வைத்தவுடன் ஆவி அடியில் தண்ணீராகி மாவை ஊறவைக்கிறது. அதன்மேல் ஈ மொய்க்குமே என்று ஒரு மூடியையும் போட்டுவிட்டால் கதை முடிந்தது! கோழி தன் வியர்வையிலேயே குளித்துவிடும்.

மூன்றாவது, குளிர். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கறியைக் கீழ்நாட்டில் சற்று நேரம் வெளியே வைத்தால் குளிர் இறங்கிவிடும். இங்கே சமையலறையே ஓர் ஐஸ் பெட்டிதான். குளிர் நாட்களில் பாக்கெட் எண்ணெய் மங்கலாகி அடியில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கெட்டுப்போன எண்ணெய் அல்ல, செம்பனை எண்ணெயின் குணம். சூடுபட்டால் தெளிந்துவிடும். ஆனால் சில்லென்றிருக்கும் கறியை எண்ணெயில் ஒன்றாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு மளமளவென்று இறங்கி, மாவு எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். பொரிப்பதற்கு இருபது நிமிடத்துக்கு முன் கறியை வெளியே எடுத்து வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கறியும் மாவும்

ஐந்தாறு பேருக்கு ஒரு கிலோ கோழி. எலும்பு நீக்கிய தொடைக்கறி கிடைத்தால் மெத்த நல்லது. இல்லாவிட்டால் முழுக்கோழியை வாங்கி, கடைக்காரரிடம் சிறு துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுபோகும். கம்பத்துக் கோழி இதற்கு உதவாது. ருசியில் அதற்கு ஈடில்லை, ஆனால் ஐந்தாறு நிமிடப் பொரியலுக்கு வயதான கோழி மசியாது. அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கறியைக் குழாயடியில் பிடித்துச் சளசளவென்று கழுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தத் தண்ணீர் தெறிக்கும் இடமெல்லாம், பக்கத்தில் இருக்கும் வெள்ளரிக்காய் உட்பட, கோழியின் கிருமி போய்ச் சேர்கிறது. மனம் ஒப்பாவிட்டால் ஒரு பாத்திரத்தில் மஞ்சள், உப்புத் தண்ணீர் வைத்து மெதுவாக அலசி, அந்தப் பாத்திரத்தையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். கிருமியைக் கொல்வது தண்ணீரல்ல, நெருப்பு. அலசிய கறியை நன்றாக வடித்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம்தான் நம் எதிரி என்று முன்பே சொன்னேனே!

ஒற்றிய கறியில் உப்பு ஒரு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, ஒரு முட்டை. பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள். எலுமிச்சைச் சாற்றை இந்தக் கட்டத்தில் ஊற்ற வேண்டாம். புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் கறியின் மேற்புறம் சக்கையாகிவிடும். புளிப்புக்கு நேரம் பின்னால் வருகிறது.

மாவு விஷயத்தில் ஒரு சின்னச் சூட்சுமம். கோதுமை மாவு மட்டும் போட்டால் மேல்தோல் முதலில் மொறுமொறுப்பாக இருந்து, பிறகு தோல்போல இழுக்கும். அதில் இருக்கும் பசைச் சத்து அப்படி. சோள மாவிலும் அரிசி மாவிலும் அந்தப் பசை கிடையாது. நம் பாட்டிமார் பஜ்ஜி மாவில் கடலை மாவோடு ஒரு கை அரிசி மாவு சேர்த்தது காரணமில்லாமல் அல்ல. சோள மாவு முக்கால் கோப்பை, அரிசி மாவு அரைக் கோப்பை, கால் தேக்கரண்டி உப்பு, மூன்றையும் அகலமான தட்டில் கலந்துகொள்ளுங்கள். கறி ஊறிய சாந்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து மாவில் தெளித்து விரலால் உதிர்த்துவிட்டால் சிறு சிறு பொருக்குகள் உண்டாகும். அவைதான் கடைக் கோழியில் தெரியும் சுருள்சுருளான மொறுமொறுப்பு. ஒவ்வொரு துண்டையும் மாவில் அழுத்திப் புரட்டி, உதறி, பத்து நிமிடம் தட்டிலேயே பரப்பி வையுங்கள். மாவு ஈரத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், எண்ணெயில் உதிராது.

இரண்டு முறை பொரித்தல்

குவாலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் நடுத்தரக் குவாலிக்குப் போதும். பொரிக்கும்போது பிள்ளைகள் அடுப்பருகே நிற்கக் கூடாது, கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எண்ணெயில் தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் அடியில் போய் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். பலகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சூடு பார்க்க ஒரு மரக்குச்சி போதும், சீனர் சாப்பிடும் குச்சியாக இருந்தால் நல்லது. எண்ணெயில் நட்டால் அதைச் சுற்றிச் சிறு குமிழிகள் நிதானமாகக் கிளம்ப வேண்டும். இது முதல் பொரியலுக்கான சூடு, 160 பாகைக்குக் கிட்டத்தட்ட இருக்கும். ஒரு கிலோவை நான்கு பங்காகப் பிரித்துப் போடுங்கள். அவசரப்பட்டு ஒரே தடவையில் கொட்டினால் எண்ணெய் குளிர்ந்துபோகும். ஐந்தாறு நிமிடம், எலும்போடு இருந்தால் எட்டு ஒன்பது நிமிடம். இப்போது கோழி வெளிறித்தான் இருக்கும். பயப்படாதீர்கள். உள்ளே வேகவைப்பது மட்டுமே இந்த முறையின் வேலை.

எடுத்த துண்டுகளைக் காகிதத்தின்மேல் கொட்டாமல் கம்பித் தட்டிலோ, கவிழ்த்த சல்லடையிலோ பரப்புங்கள். அடியிலும் காற்று போக வேண்டும். பத்து நிமிடம் ஆறட்டும். அதற்குள் உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாக மேல்மாவுக்கு வந்து சேரும். இப்போது தீயைக் கூட்டுங்கள். குச்சியை நட்டால் குமிழிகள் சுறுசுறுவென்று பாய்ந்து வர வேண்டும். துண்டுகளை மறுபடி போட்டு ஒன்றரை, இரண்டு நிமிடம். மேலே வந்த ஈரம் அத்தனையும் ஓடிவிடும், நிறம் பொன்னாகும். சாரணியால் அள்ளும்போது துண்டுகள் கலகலவென்று கூழாங்கல்போல ஓசை கொடுத்தால் பதம் சரி.

முதலில் இளஞ்சூட்டில் வேகவைத்து, பிறகு கடுஞ்சூட்டில் காயவைக்கும் இந்த முறைதான் மலைநாட்டு அடுப்புக்குச் சரியான மருந்து. வெளியே இருக்கும் அவசரத்தையும் உள்ளே இருக்கும் நிதானத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறோம், பாருங்கள்.

வெந்ததா என்று பார்க்க, இருப்பதில் தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள். கறி முழுக்க வெளுத்து, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். சமையல் சூட்டுமானி வைத்திருப்பவர்கள் 74 பாகை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜை, வெந்த பிறகும் எலும்போரத்தில் சிவப்பாகக் கசிவதுண்டு. ஆகவே சிவப்பு மட்டும் அடையாளமல்ல. கறி வழவழப்பாகவும் சாறு மங்கலாகவும் இருந்தால் யோசிக்காமல் மறுபடி அடுப்புக்கு. வேகாத கோழி தரும் வயிற்றுப்போக்கு பெரியவர்களை இரண்டு நாள் படுக்கவைக்கும், சின்னப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடும். மருத்துவமனை தோட்டத்து வாசலிலா இருக்கிறது?

பாகு

சீனப் பெருநாள் சமயத்தில் பெட்டி பெட்டியாக வரும் மண்டரின் ஆரஞ்சுதான் இதற்கு முதல் தரம். சீன நண்பர்கள் அதை இரண்டிரண்டாகக் கொடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். கான்டனீஸ் மொழியில் அந்தப் பழத்தின் பெயரும் தங்கத்தின் பெயரும் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும். ஆகவே பழம் கொடுப்பது தங்கம் கொடுப்பதற்குச் சமம். அந்தத் தங்கம் வீட்டில் குவிந்து, தின்று அலுத்துப்போய், கடைசியில் சில பழங்கள் சுருங்கிக் கிடக்குமே, அவற்றைப் பிழிந்துகொள்ளலாம். அழுகல் இருந்தால் மட்டும் கூடாது. மற்ற மாதங்களில் கடையில் கிடைக்கும் இனிப்பு ஆரஞ்சு போதும். புட்டியில் வரும் ஆரஞ்சு சர்பத்து வேண்டவே வேண்டாம். அதில் சீனியும் சாயமும்தான் அதிகம், காய்ச்சினால் மிட்டாய் வாடை அடிக்கும்.

ஆரஞ்சு இனிப்பைத் தரும். உயிரைத் தருவது கஸ்தூரி எலுமிச்சை. பாசார் மாலாமில் குட்டிக் குட்டியாகக் கூறு கட்டி விற்கும் அதே பழம். இதன் வாசம் சாதாரண எலுமிச்சைக்குக் கிடையாது, கொஞ்சம் ஆரஞ்சு வாடையும் இதற்கே உண்டு. பூச்சட்டியில்கூடக் காய்க்கும் செடி. என் சொந்த அபிப்பிராயத்தில், இந்தப் பழம் இல்லாத ஆரஞ்சுக் கோழி வெறும் சீனிக் கோழிதான்.

நான்கைந்து ஆரஞ்சைப் பிழிந்தால் ஒரு கோப்பைச் சாறு வரும். பிழிவதற்கு முன், ஒரு பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவித் தோலின் ஆரஞ்சு நிறப் பகுதியை மட்டும் துருவி ஒரு தேக்கரண்டி எடுத்து வையுங்கள். வெளியூர்ப் பழங்களின்மேல் மெழுகு பூசியிருப்பார்கள், ஆகவே கழுவாமல் துருவக் கூடாது. வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். விதை நசுங்கினாலும் கசக்கும். பிழிந்த சாற்றைக் காலையிலிருந்து வைத்திருந்தாலும் மெல்ல ஒரு கசப்பு ஏறும், ஆகவே அடுப்பு மூட்டும்போது பிழியுங்கள்.

சிறு சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டு மூன்று பல், பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு துண்டு, கிள்ளிய காய்ந்த மிளகாய் இரண்டு, இவற்றை வாசம் வர வதக்குங்கள். ஆரஞ்சுச் சாறு, சீனி மூன்று மேசைக்கரண்டி, கிச்சாப்பு ஒரு மேசைக்கரண்டி ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். சாறு பாதியாக வற்ற வேண்டும். இந்த இடத்தில் பொறுமை இல்லாமல் சோள மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கிவிடுகிறவர்கள் உண்டு. பார்வைக்குக் கெட்டி, ஆனால் உள்ளே இருப்பது தண்ணீர். கோழியின்மேல் ஊற்றிய ஐந்தாவது நிமிடம் அந்தத் தண்ணீர் மாவுக்குள் இறங்கிவிடும். வற்றவைத்த பாகில் தண்ணீர் குறைவு. ஆகவே அது மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே இறங்காது. மொறுமொறுப்பைக் காப்பதும் கெடுப்பதும் இந்த வித்தியாசம்தான்.

பதம் எப்படிப் பார்ப்பது? அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் பாகு காய்ச்சும் கைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா! ஒரு சொட்டை எடுத்துச் சற்று ஆறவிட்டு இரு விரலுக்கிடையில் தொட்டுப் பாருங்கள். பிசுக்குப் பதம் தாண்டி, ஒரு கம்பி வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். வெள்ளைக்காரப் புத்தகங்கள் பாகுக்குச் சூட்டுமானி வைத்து இத்தனை பாகை என்று எண் கொடுக்கும். அந்த எண்கள் கடலோரத்துக்கு எழுதியவை. மலைமேல் தண்ணீரே முன்னதாகக் கொதிப்பதால் பாகும் முன்னதாகவே பதத்துக்கு வந்துவிடும். எண்ணை நம்பிக் காத்திருந்தால் பாகு கல்லாகிவிடும். விரல் அப்படியல்ல. அது சூட்டை அளக்கவில்லை, பாகின் பிசுக்கை அளக்கிறது. மலையானாலும் கடலானாலும் அந்தக் கணக்கு மாறாது.

இறக்கிய பிறகு துருவிய தோலையும், ஆறு கஸ்தூரி எலுமிச்சையின் சாற்றையும் சேர்த்துக் கலக்குங்கள். எலுமிச்சை அடுப்பில் கொதித்தால் வாசம் ஓடிவிடும். சாறு சேர்ந்ததும் பாகு சற்று இளகும், ஆறும்போது பழையபடி இறுகிக்கொள்ளும். ருசி பாருங்கள். நாக்கின் நுனியில் இனிப்பும் தாடையில் புளிப்பும் தெரிந்தால் சரி.

சீனியைப் பற்றியும் பேசிவிட வேண்டும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. அதிலும் இந்தியரிடையேதான் அதிகம். நான் சொன்ன அளவில், சாற்றில் உள்ள இனிப்பையும் சேர்த்து, ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டரைத் தேக்கரண்டி சீனி அளவில் வரும். ஒரு குவளைப் பால் தேநீருக்குப் பலர் போடுவது அதுதான். ஆகவே அன்றைக்குக் கோழியோடு குடிக்கும் தேநீர் நம் மலைத் தேயிலையின் கறுப்புச் சாயமாகவே, சீனி இல்லாமல் இருக்கட்டும். எண்ணெய்ப் பண்டத்துக்கு அது பொருத்தமாகவும் இருக்கும். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிக்குப் பாகு பூசாத துண்டுகளைத் தனியே எடுத்து வைத்து, மேலே எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். அவர்களுக்குப் பொரியலும் அளவோடுதான்.

எல்லாரும் உட்கார்ந்து, சோறு போட்டு, தட்டுகள் தயாரான பிறகுதான் பாகைக் கோழியோடு சேர்க்க வேண்டும். பரிமாறும் தட்டை வெந்நீரில் போட்டுச் சூடாக்கித் துடைத்து வைத்திருங்கள். இதை ஒரு வேலையாக நினைக்காதீர்கள். நம் குளிருக்கு இது அரை வேலையை மிச்சப்படுத்தும். அகலமான குவாலியில் பாகைச் சூடாக்கி, தீயை அணைத்து, கோழியைக் கொட்டி நான்கு முறை குலுக்குங்கள். கரண்டியால் கிளறினால் மாவு உடையும். பாகு மெல்லிய பூச்சாக இருந்தால் போதும், குளமாகத் தேங்கக் கூடாது. மேலே கொஞ்சம் வறுத்த எள், நறுக்கிய வெங்காயத்தாள். நம் பள்ளத்தாக்கில் விளையும் வெள்ளரியையும் கோஸையும் மெல்லியதாகச் சீவிப் பக்கத்தில் வைத்தால், பச்சைக் காய் என்றால் ஓடும் பிள்ளையும் அந்தப் பாகைத் தொட்டுத் தின்றுவிடும்.

பொரித்த எண்ணெயை ஆறவைத்து, துணியில் வடித்து, மூடி வைத்தால் இன்னும் ஓரிரு தடவை தாளிப்புக்கோ வதக்கலுக்கோ ஆகும். நுரைத்துக் கறுத்துவிட்டால் ஆசைப்படாதீர்கள். கால்வாயில் ஊற்றவும் வேண்டாம், நம் கால்வாய்கள் கடைசியில் போய்ச் சேருவது பெர்த்தாம் ஆற்றுக்கு. பழைய டின்னில் ஊற்றி மூடிக் குப்பையில் சேருங்கள்.

மறுநாள் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள், இரவே சில துண்டுகளைப் பாகு பூசாமல் எடுத்து, ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் எண்ணெய் விடாத குவாலியில் இளந்தீயில் புரட்டிப் புரட்டி, உள்ளே வரை சூடேறும்படி வாட்டினால் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பி வரும். ஆவி அடங்கிய பிறகே டப்பாவின் மூடியை மூட வேண்டும். பாகைத் தனியாகச் சிறு புட்டியில் ஊற்றிக் கொடுங்கள். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளையே தொட்டுத் தின்னட்டும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிடுங்கள். ஆரஞ்சுப் பாகு ஊறிய கணக்குப் புத்தகங்களை இந்த ஆண்டு இதுவரை மூன்று பார்த்துவிட்டேன்.